கறுப்பு எண்ணெயும் நீலப் புகையும்

காலை ஆறரை மணி. உங்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல அப்பா காரை ஸ்டார்ட் செய்கிறார். புகைக்குழாயிலிருந்து நீல நிறத்தில் மெல்லிய புகை எழுகிறது. எண்ணெய் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெய் அடிக்கோட்டுக்கு அருகில் நிற்கிறது. காருக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகிய அடையாளம்கூட இல்லை.

பட்டறைக்குப் போனால் போர்மன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எண்ணெய் குடிக்குது. எஞ்சினைப் பிரிச்சு ரிங் மாத்தணும்" என்கிறார். அதற்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். அதே பட்டறையின் அலமாரியில் ஓர் எண்ணெய்ப் புட்டி இருக்கிறது. 'பிஸ்டனில் படிந்த கரியைக் கழுவும். எஞ்சினைப் புதிதுபோல் ஆக்கும்' என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. விலை சாதாரண எண்ணெயைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பட்டர்வொர்த்தில் மாக் மண்டின், ராஜா ஊடா பக்கம் உள்ள பட்டறைகளில் மட்டுமல்ல, நாடு முழுவதும் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியோடு நிற்கின்றன. புட்டி சொல்வது உண்மையா? எஞ்சினைப் பிரிக்காமல் எண்ணெயால் மட்டும் அதைக் குணப்படுத்த முடியுமா? மாணவர்களே, நீங்கள் படிக்கும் அறிவியலைக் கொண்டே இதற்கு விடை தேடலாம்.

ஏன் 'கறுப்பு' எண்ணெய்?

எஞ்சின் எண்ணெயை மலாய்மொழியில் 'மின்யாக் ஹித்தாம்' என்கிறோம். கறுப்பு எண்ணெய் என்று பொருள். ஆனால் புதிய புட்டியைத் திறந்து ஊற்றிப் பாருங்கள். தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். எஞ்சினுக்குள் போய் உழைத்த பிறகுதான் அது கறுக்கிறது.

எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கும் கறுப்பு ஓர் அடையாளம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரித்துகள்களை எண்ணெய் தன்னோடு சுமந்து திரிகிறது. எண்ணெய் மாற்றும்போது அந்த அழுக்கும் சேர்ந்து வெளியே போய்விடுகிறது. எண்ணெயால் சுமந்து வெளியேற்ற முடியாமல் பிஸ்டனிலேயே ஒட்டிக்கொண்ட அழுக்குதான் தொல்லை.

மூன்று வளையங்கள்

எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுற்றினால், ஒரே வினாடியில் பிஸ்டன் 50 முறை ஏறி 50 முறை இறங்குகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் சிறிய இடைவெளி உண்டு. அதை அடைப்பவை பிஸ்டனைச் சுற்றி வெட்டப்பட்ட பள்ளங்களில் அமர்ந்திருக்கும் வளையங்கள்.

பொதுவாக ஒரு கார் பிஸ்டனில் மூன்று வளையங்கள் இருக்கும். மேலுள்ள இரண்டும் எரிவாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் தடுக்கின்றன. மூன்றாவது, எண்ணெய் வளையம். சுவரில் தெறித்த எண்ணெயை, மழையில் கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்போல இது வழித்துக் கீழே இறக்குகிறது. வழித்த எண்ணெய், வளையத்தின் பள்ளத்தில் உள்ள சிறு துளைகள் வழியாக மீண்டும் எண்ணெய்த் தொட்டிக்குப் போகிறது. சுவரில் மிஞ்சுவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடப் பலமடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

இந்த வளையம் தன் பள்ளத்தில் தளர்வாக அசைய வேண்டும். வில்போல விரிந்து சுவரை அழுத்த வேண்டும். அதன் பின்னுள்ள துளைகள் திறந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று கெட்டாலும் எண்ணெய் சுவரிலேயே தங்கி, எரிபொருளோடு சேர்ந்து எரிந்துவிடும். முழுதாக எரியாமல் வெளியேறும் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. அதனால்தான் புகை நீலமாகத் தெரிகிறது.

கரி எப்படிப் படிகிறது?

தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை எண்ணெய் தடவினால் அது திரவமாகவே இருக்கும். துடைக்காமல் பலநாள் சூடாக்கினால் முதலில் பிசுபிசுப்பான பழுப்புப் படலம் வரும். பிறகு அது கறுத்து, சுரண்டினாலும் போகாத கரியாகிவிடும்.

பிஸ்டனிலும் இதுவே நடக்கிறது. மேல் வளையப் பள்ளத்தின் வெப்பநிலை 200 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. வினைபுரிந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. முதலில் வார்னிஷ் போன்ற படலம். நாளடைவில் கடினமான கரி. வளையங்களைத் தாண்டிக் கசியும் எரிவாயுவும் புகைக்கரியும் இதற்கு மேலும் தீனி போடுகின்றன.

கரி சேரச் சேர எண்ணெய் வளையம் பள்ளத்தில் இறுகுகிறது, துளைகள் அடைபடுகின்றன. எண்ணெய் அதிகமாக எரிகிறது. அதிகமாக எரியும் எண்ணெய் இன்னும் அதிகக் கரியைத் தருகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழல்தான் எண்ணெய் குடிக்கும் நோயை நாளுக்கு நாள் மோசமாக்குகிறது.

எண்ணெய் மாற்றத் தவணை தவறுவது இந்தச் சுழலைத் தொடங்கிவைக்கும் முக்கியக் காரணம். பினாங்குப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போவது, சந்தைக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுவது ஆகியவற்றையும் கார் நிறுவனங்கள் கடுமையான பயன்பாடு என்றே கருதுகின்றன. கிலோமீட்டர் கணக்கு குறைவாகத் தெரிந்தாலும் எஞ்சின் பல மணிநேரம் ஓடியிருக்கும்.

எண்ணெய்க்குள் ஒரு சவர்க்காரம்

எஞ்சின் எண்ணெய் வெறும் எண்ணெய் அன்று. அதில் பல சேர்மானங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியமானவை.

முதலாவது, தூய்மையாக்கி. கால்சியம் சல்ஃபோனேட் போன்ற வேதிப்பொருள்கள் இவ்வகை. இவை சூடான உலோகப் பரப்பில் அழுக்கு ஒட்டாமல் காக்கின்றன. இவற்றோடு சேர்ந்திருக்கும் கால்சியம் கார்பனேட், எரிதலின்போது உண்டாகும் அமிலங்களை நடுநிலையாக்குகிறது. வேதியியல் பாடத்தில் படிக்கும் அதே நடுநிலையாக்கல்தான்.

இரண்டாவது, சிதறலாக்கி. கரித்துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகாமல் இது பிரித்து வைக்கிறது. சவர்க்காரம் துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை எப்படி நீக்குகிறது என்று படித்திருப்பீர்கள். சவர்க்கார மூலக்கூறின் வால் எண்ணெயைப் பற்றிக்கொள்ளும்; தலை நீரைப் பார்த்து நிற்கும். எஞ்சினில் இது தலைகீழாகிறது. சுற்றிலும் இருப்பது எண்ணெய் என்பதால் வால் வெளியே நீள்கிறது. தலை உள்ளே இருக்கும் கரித்துகளைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிய துகள்கள்தாம் எண்ணெயைக் கறுப்பாக்குகின்றன.

இந்தத் தூய்மையாக்கிகள் எண்ணெய்க்குள் வந்த கதையே வளையங்களிலிருந்துதான் தொடங்குகிறது. 1930களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் செய்த டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் வளையங்கள் கரியில் இறுகிப்போயின. அன்றைய சாதாரண எண்ணெயால் அதைத் தடுக்க முடியவில்லை. அதற்குத் தீர்வாகத்தான் தூய்மையாக்கி கலந்த எண்ணெய் அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் ஏறக்குறைய எல்லா எஞ்சின் எண்ணெய்களும் அந்த வழியில் வந்தவையே.

தடுப்பது வேறு, கழுவுவது வேறு

எல்லா எண்ணெயிலும் தூய்மையாக்கி இருக்கிறது என்றால், படிந்த கரியும் தானாகக் கழுவப்பட வேண்டுமே! ஏன் அப்படி நடப்பதில்லை?

சாப்பிட்ட தட்டை உடனே கழுவுவது எளிது. மூன்று நாள் காயவிட்ட தட்டைக் கழுவுவது கடினம். எண்ணெயின் சேர்மானங்கள் முதல் வேலையை நன்றாகச் செய்கின்றன. கெட்டியாகிச் சங்கிலி பின்னிக்கொண்ட கரியைப் பெயர்ப்பது வேறு வகை வேலை.

எண்ணெய்களுக்கான தரச் சோதனையைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். 2020ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 'ஜி.எஃப்-6' தரத்தில் 'சீக்குவன்ஸ் 3எச்' என்றொரு சோதனை உண்டு. 3.6 லிட்டர் கிரைஸ்லர் எஞ்சினை நிமிடத்துக்கு 3,900 சுற்றில், எண்ணெயின் சூடு 151 பாகை செல்சியஸில் இருக்க, 90 மணிநேரம் ஓட்டுகிறார்கள். பிறகு பிஸ்டனை வெளியே எடுத்து, படிந்த கரிக்கு ஏற்ப மதிப்பெண் இடுகிறார்கள். முற்றிலும் தூய்மையான பிஸ்டனுக்கு 10. அந்தத் தரத்தில் தேர்ச்சி பெற எவ்வளவு தேவைப்பட்டது தெரியுமா? 4.2 மட்டுமே. எந்த வளையமும் இறுகியிருக்கவும் கூடாது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, தேர்ச்சி பெற்ற எல்லா எண்ணெயும் சமமல்ல, அந்தத் தரத்தில் 4.2 பெற்றதும் 8 பெற்றதும் ஒரே முத்திரையைத்தான் தாங்கி வந்தன. இரண்டு, இந்தச் சோதனை தூய்மையான பிஸ்டனோடு தொடங்குகிறது. எண்ணெய் எவ்வளவு கரியைத் தடுத்தது என்பதை இது அளக்கிறது. ஏற்கெனவே கரி படிந்த பிஸ்டனை அந்த எண்ணெய் கழுவுமா என்பதை இது சொல்லாது.

கழுவும் எண்ணெய்கள் வேறொரு பண்பை நம்புகின்றன. அது கரைக்கும் திறன். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலில் ஓர் அடிப்படை விதி. எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து உண்டான படலத்தில் முனைவுத்தன்மை உண்டு. சாதாரண எண்ணெயில் அது மிகக் குறைவு. ஆனால் எஸ்டர் வகை எண்ணெயில் முனைவுத்தன்மை இருப்பதால் அது படலத்தை மெல்ல இளக்க வல்லது. பழ வாசனை தரும் சேர்மங்கள் என்று நீங்கள் பாடத்தில் படிக்கும் எஸ்டர்களின் பெரிய உறவினர்கள் இவை. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலிருந்து உறுமிக்கொண்டு எழும் ஜெட் விமானங்களின் எஞ்சின்களில் ஓடுவதும் எஸ்டர் எண்ணெயே. கடும் சூட்டைத் தாங்குவது அதன் மற்றொரு சிறப்பு.

ஆகவே, எண்ணெயால் படலத்தை இளக்க முடியும் என்பது வெறும் விளம்பரப் பேச்சு அன்று. வேதியியல் அதை அனுமதிக்கிறது. எவ்வளவு, எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி.

புட்டியின் சிறிய எழுத்துகள்

2024ஆம் ஆண்டில் வால்வொலின் நிறுவனம் 'ரெஸ்டோர் அண்ட் புரொடெக்ட்' என்ற எண்ணெயை அமெரிக்காவில் வெளியிட்டது. எஞ்சினைக் கெடுக்கும் படிவுகளில் 100 விழுக்காடு வரை நீக்க உதவும் என்பது அதன் கூற்று. கூடவே சிறிய எழுத்தில் நிபந்தனைகளும் உள்ளன: நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணெய் மாற்றங்களுக்குத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும், படிவின் வகை, எஞ்சின், ஓட்டும் முறை ஆகியவற்றைப் பொறுத்துப் பலன் மாறும்.

'வரை' என்ற சின்னச் சொல்லைக் கவனியுங்கள். 100 விழுக்காடு வரை என்றால் 100ஆகவும் இருக்கலாம், 10ஆகவும் இருக்கலாம். நிறுவனம் பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருளன்று. உங்கள் வீட்டுக் காருக்கு என்ன நடக்கும் என்பதை அந்தச் சொற்றொடர் சொல்லவில்லை என்பதே பொருள். நான்கு எண்ணெய் மாற்றம் என்றால் பல குடும்பங்களுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள். ஒரே வாரத்தில் அதிசயம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

டொயோட்டா தந்த பாடம்

எண்ணெய் குடிக்கும் எஞ்சின்களில் உலகமறிந்த ஒன்று டொயோட்டாவின் 2.4 லிட்டர் '2ஏ.இசட்-எஃப்.இ'. கேம்ரி காரிலும், நம் சாலைகளில் நிறையக் காணும் பழைய அல்பார்ட், வெல்ஃபயர் வேன்களிலும் இருந்த எஞ்சின் இது. அமெரிக்காவில் பலர் எண்ணெய் குறைவதாகப் புகார் செய்தார்கள். எஞ்சினைப் பிரித்தபோது எண்ணெய் வளையங்களும் அவற்றின் பின்னுள்ள துளைகளும் கரியால் அடைபட்டிருந்ததைப் பட்டறைக்காரர்கள் கண்டார்கள்.

2011ஆம் ஆண்டில் டொயோட்டா தன் பட்டறைகளுக்கு ஒரு தொழில்நுட்ப அறிக்கை அனுப்பியது. முதலில் எண்ணெய் குறைவதை அளக்க வேண்டும். 1,200 மைலுக்குள் ஒரு குவார்ட் குறைந்தால் பழுதுபார்க்க வேண்டும். நம் கணக்கில் இது 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் அரை லிட்டர். பழுதுபார்க்கும் முறை என்ன? வடிவம் மாற்றிய புதிய பிஸ்டன்களையும் வளையங்களையும் பொருத்துவது. கழுவும் எண்ணெயைப் பரிந்துரைக்கவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். எஞ்சினின் வடிவமைப்பே கரிக்கு இடம் கொடுத்தால், கழுவினாலும் கரி மறுபடி சேரலாம். மேலும், டொயோட்டாவின் முதல் படி அளப்பது. பழுதுபார்ப்பது அதற்கு அடுத்துதான்.

எந்த நோய்க்கு எந்த மருந்து?

நீலப் புகை வந்தாலே வளையத்தில் கரி என்று முடிவு கட்டக்கூடாது. காய்ச்சல் வந்தாலே டெங்கி என்று சொல்ல முடியாதல்லவா?

இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒருமுறை புகைத்து நின்றுவிட்டால், வால்வுகளின் ரப்பர் சீல் கெட்டித்துப் போயிருக்கலாம். எஞ்சினுள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தாலும் எண்ணெய் எரியும். அது மலிவான சிறு பாகம். டர்போ உள்ள காரில் டர்போவின் சீல் வழியாகவும் எண்ணெய் கசியலாம். வளையமோ சிலிண்டர் சுவரோ தேய்ந்து போயிருக்கலாம்.

கழுவும் எண்ணெய் உதவக்கூடியது கரியால் இறுகிய வளையத்துக்கு மட்டுமே. தேய்ந்த உலோகத்தை எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது. கீறல் விழுந்த சுவரை ஆற்றாது. அதனால்தான் நல்ல போர்மன் முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிறு கேமரா விட்டு உள்ளே பார்ப்பார்.

ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கரைப்பானை ஊற்றி ஊறவைக்கும் முறையும் உண்டு. அது வளையத்துக்கு நேராகப் போய்ச் சேரும் என்பது அதன் பலம். ஆனால் திரவம் உள்ளே தேங்கியிருக்கும்போது எஞ்சினை இயக்கினால் அது உடைந்தே போகலாம். திரவத்தை அமுக்க முடியாது என்ற இயற்பியல் விதி இங்கே எதிரியாகிறது. இது அனுபவம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்.

நீங்களே சோதிக்கலாம்

கழுவும் எண்ணெய் பலன் தந்ததா என்பதை உங்களால் அளக்க முடியும். தமிழ்ப்பள்ளியிலேயே படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

தற்சார்பு மாறி எண்ணெயின் வகை. சார்பு மாறி, 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் எண்ணெய் குறைகிறது என்பது. எண்ணெயின் தடிப்பு எண்ணையும், அன்றாடம் ஓடும் பாதையையும், எண்ணெய் மாற்றும் தவணையையும் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

தடிப்பு எண் மிக முக்கியம். இதுவரை 5டபிள்யூ-30 ஊற்றிவிட்டு, கழுவும் எண்ணெயை மட்டும் 10டபிள்யூ-40இல் வாங்கினால் சோதனை கெட்டுவிடும். சூட்டிலும் தடிப்பாக இருக்கும் எண்ணெய் பொதுவாகக் குறைவாகவே கசியும். எரிவது குறைந்தாலும் அது கழுவியதாலா, தடிப்பாலா என்று சொல்ல முடியாது.

அளக்கும் முறை எளிது. வாரம் ஒருமுறை, அதே சமதளத்தில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள். மேல்கோட்டுக்குக் குறைந்தால் அளவுக் குவளையால் ஊற்றி நிரப்புங்கள். ஊற்றிய அளவையும் கிலோமீட்டர் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். 3,000 கிலோமீட்டரில் மொத்தம் 1.5 லிட்டர் ஊற்றியிருந்தால், 1,000 கிலோமீட்டருக்கு 500 மில்லிலிட்டர். பழைய எண்ணெயில் ஒரு தவணை முழுவதும் இப்படி அளந்த பிறகே புதியதற்கு மாறுங்கள். நான்கு தவணைகளின் எண்களை வரைபடமாக வரைந்தால், கோடு இறங்குகிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும்.

புதிய எண்ணெய் சீக்கிரம் கறுத்துவிட்டது, ஆகவே நன்றாகக் கழுவுகிறது என்று சிலர் சொல்வார்கள். கறுப்பு, எண்ணெய் ஏதோ அழுக்கைச் சுமக்கிறது என்பதை மட்டும் காட்டும். அந்த அழுக்கு வளையத்திலிருந்து வந்ததா என்பதை நிறம் சொல்லாது.

சோதனை நடக்கும் காலத்தில் ஓர் எச்சரிக்கை. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு, எண்ணெய் அளவு குறைந்ததைக் காட்டும் விளக்கு அன்று. எண்ணெயின் அழுத்தம் விழுந்ததைக் காட்டுவது. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால், எண்ணெய் வற்றிய எஞ்சின் அதற்குள் பழுதாகியிருக்கலாம். எரியும் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ், புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றியையும் கெடுக்கும். ஆகவே, எண்ணெய் குடிக்கும் காருக்கு வாராந்தரச் சோதனைதான் முதல் மருந்து.

மாற்றிய பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். நம் நாட்டின் சுற்றுச்சூழல் விதிகளில் அது 'எஸ்.டபிள்யூ.305' என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த அலமாரிப் புட்டிக்குத் திரும்புவோம். கரிதான் காரணம் என்று சோதனை காட்டினால், நல்ல கழுவும் எண்ணெயை முயன்று பார்ப்பது அறிவுள்ள செயலே. பல மாதம் பொறுக்க வேண்டும், பலன் உறுதியில்லை. தேய்மானம்தான் காரணம் என்றால் அந்தக் காசைப் பழுதுபார்க்கச் சேர்த்து வைப்பது நல்லது. கார் இன்னும் எண்ணெய் குடிக்கத் தொடங்கவில்லை என்றால், தவணை தவறாமல் தரமான எண்ணெயை மாற்றுவதைவிடச் சிறந்த கழுவல் எதுவும் இல்லை.

அடுத்தமுறை அப்பா பட்டறைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கையில் அந்த நோட்டு இருக்கட்டும். "எண்ணெய் குடிக்குது" என்று போர்மன் சொன்னால், "ஆமாம் அண்ணே, ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்று நீங்கள் எண்ணைக் காட்டலாம்.